பர்மா நிலவரம்: சண்டை, சமாதானம், நிவாரணம் – சொந்தக்காரங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்கு அப்புறம் சென்னை, மதுரை, கோலாலம்பூர்னு நம்ம பர்மா தமிழ் குடும்பங்க எங்கெல்லாம் இருக்கோ அங்கிருந்தெல்லாம் ஒரே கேள்விங்கதான் வாட்ஸ்அப்ல சுத்தி சுத்தி வருது. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் போட்டு தொண்டை கட்டிக்கிச்சு, அதனால மொத்தமா இங்க எழுதி வெச்சிடறேன், லிங்க்க அனுப்பிக்கலாம். நான் ரங்கோன்ல பொறந்து வளந்தவன், பரஹிதன்னு இங்க சொல்ற சேவைக் குழுக்களோட சேந்து நிவாரண வேலை பாக்குறவன். சில இடத்துல ஊர் பேரு, ஆள் பேரு, எந்த ரூட்ல வண்டி போச்சுன்னு எழுத மாட்டேன், புரிஞ்சுக்கோங்க.

அண்ணே, சண்டை முடிஞ்சிருச்சா இல்லையா? டிவில எலெக்ஷன்னு காட்டுனாங்களே?

முடியல. 2021 பிப்ரவரி 1ல ராணுவம் ஆட்சியப் புடிச்சதுல இருந்து சண்டை ஊருக்கு ஊர் பரவிடுச்சு. 2025 டிசம்பர் 28ல ஆரம்பிச்சு கட்டம் கட்டமா எலெக்ஷன் வெச்சாங்க, ஆனா 2020ல ஜெயிச்ச ஆங் சான் சூகி கட்சிய 2023லயே கலைச்சாச்சு, சண்டை நடக்குற டவுன்ஷிப் பலதுல ஓட்டுப்பெட்டியே போகல. நாடு செட்டாயிடுச்சுன்னு யாராவது சொன்னா ஐநா கணக்க காட்டுங்க: 2025க்கு அவங்க போட்ட கணக்குல உதவி தேவைப்படுறவங்க 1 கோடியே 99 லட்சம் பேரு, வீட்ட விட்டு ஓடி நாட்டுக்குள்ளயே அலையுறவங்க சுமார் 35 லட்சம். அது பூமி ஆடுறதுக்கு முன்னாடி போட்ட கணக்கு.

சில ஊர்ல துப்பாக்கி சத்தம் நின்னு ரொம்ப நாளாச்சு, அதுவும் உண்மைதான். அங்க கஷ்டம் வேற மாதிரி, கீழ வருது.

இந்த சண்டைக்கு ஆரம்பம் எது?

சுருக்கமா சொல்றேன். 1947 பிப்ரவரி 12ல பாங்லோங்ங்கிற ஊர்ல ஜெனரல் ஆங் சான், ஷான், கச்சின், சின் தலைவருங்களோட ஒப்பந்தம் போட்டாரு, உள்ளாட்சி உரிமை தர்றோம், சேந்து சுதந்திரம் வாங்கலாம்னு. கரேன்காரங்க அதுல கையெழுத்து போடல. அஞ்சு மாசத்துல, ஜூலை 19ல, ஆங் சானையே சுட்டுட்டாங்க. 1948ல சுதந்திரம், 1949 ஜனவரி கடைசில கரேன் கிளர்ச்சி, அதுக்கப்புறம் ஒவ்வொரு மலைக்கும் ஒரு படை. குடுத்த வாக்கு அப்படியே நிக்குது, கேட்டவங்க பேரன் பேத்தி இப்ப துப்பாக்கி தூக்கி நிக்கிறாங்க.

2011ல இருந்து பத்து வருஷம் நல்லாதான இருந்துச்சு? வெளிநாட்டு காசு கொட்டுச்சே, அதெல்லாம் எங்க போச்சு?

நல்லா இருந்துச்சு, அத இல்லன்னு சொல்ல மாட்டேன். அதுக்கு முன்னாடி சிம் கார்டு வாங்கணும்னா நகைய அடகு வெக்கணும், 2014ல வெளிநாட்டு கம்பெனிங்க வந்ததும் 1,500 கியாட்டுக்கு (கியாட்ங்கிறது பர்மா பணம்) ரோட்டோரத்துல வித்தாங்க, எங்க தெருவுல இட்லி விக்கிற அக்கா கூட ஃபேஸ்புக் வந்தாங்க. 2013 ஜனவரில பாரிஸ் கிளப் நாடுங்க 600 கோடி டாலர் கிட்ட கடன தள்ளுபடி பண்ணாங்க. 2005ல 100க்கு 48 பேரு வறுமைல இருந்தது 2017ல 25 பேரா குறைஞ்சுது. இப்ப? ஐநா வளர்ச்சித் திட்டம் 2023ல எடுத்த கணக்குல திரும்ப 49.7 சதவீதம். பன்னெண்டு வருஷ ஏத்தம் ஆறே வருஷத்துல எறங்கிடுச்சு.

ஏன் அவ்ளோ சீக்கிரம் சரிஞ்சுதுன்னா, காசு ரோடு, போன், பேங்க்னு போச்சு, அடித்தளத்துல யாரும் கைய வெக்கல. 2008 அரசியல் சட்டம் அப்படியே இருந்துச்சு: பார்லிமென்ட்ல நாலுல ஒரு சீட்டு ராணுவத்துக்கு, சட்டத்த திருத்தணும்னா நாலுல மூணு பங்குக்கு மேல ஓட்டு வேணும், அப்போ அவங்க வேணாம்னா எதுவும் நடக்காது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை மூணு மந்திரியையும் தளபதிதான் வெப்பாரு. அந்த சட்டத்துக்கு பொதுவாக்கெடுப்பு எப்ப நடத்துனாங்க தெரியுமா, நர்கீஸ் புயல் அடிச்சு ஒரு வாரம் கழிச்சு, டெல்டால பொணம் மிதந்துட்டு இருக்கும்போது.

அப்புறம் சமாதானப் பேச்சு. 2015 அக்டோபர் 15ல நாடு தழுவிய போர்நிறுத்த ஒப்பந்தம்னு பெருசா கையெழுத்து போட்டாங்க, வந்தது 8 குழு, 2018ல இன்னும் 2. வா, கச்சின், அரக்கான் மாதிரி பெரிய படைங்க வெளியிலயே நின்னுச்சு. தலைநகர் நேப்பிடோல மாநாடு, ரங்கோன் ஹோட்டல்ல ஒர்க்ஷாப், பஃபே சாப்பாடு, கழுத்துல ஐடி கார்டு, அந்த நாள்ல எனக்கு தெரிஞ்ச பசங்க பலருக்கு அதுலதான் மொழிபெயர்ப்பு வேலை கிடைச்சுது, அதனால திட்டவும் முடியல. ஆனா மலைல இருக்கிற விவசாயி கேட்டது மூணே விஷயம்தான்: என் நிலம், என் குடியுரிமை கார்டு, என் புள்ளைக்கு ஸ்கூல்ல என் பாஷை. மேடைல பேசுனது பூரா துப்பாக்கி வெச்சிருக்கிறவங்க பங்கு பத்தி.

போர்நிறுத்தம் போட்டா ஏன் நிக்கவே மாட்டேங்குது?

கச்சின்ல 1994ல போட்டது 17 வருஷம் நின்னுச்சு, 2011 ஜூன்ல உடைஞ்சுது. அந்த 17 வருஷத்துல என்ன நடந்துச்சுன்னா ரெண்டு பக்கத்து பெரிய ஆளுங்களும் மரம் வெட்டுனாங்க, ஃபாகன்ட்ங்கிற ஊர்ல ஜேட் கல்லு தோண்டுனாங்க, லாரி லாரியா சீனாவுக்கு போச்சு, ஊர்க்காரனுக்கு கெடச்சது மண்சரிவும் போதை ஊசியும். அதனால "போர்நிறுத்தம்"னு சொன்னா மலையில சந்தோஷப்பட மாட்டாங்க, இந்த வாட்டி எத வெட்டி எடுக்கப் போறாங்கன்னுதான் பாப்பாங்க.

வடக்கு ஷான் மாநிலத்துல இருக்கிற லாஷியோ ஊர் கதையையும் பாருங்க. 2023 அக்டோபர் 27ல மூணு படை சேந்து வடக்குல தாக்குதல் ஆரம்பிச்சாங்க, 2024 ஜனவரில சீனா உக்கார வெச்சு போர்நிறுத்தம் பண்ணுச்சு, ஜூன்ல உடைஞ்சுது, ஆகஸ்ட்ல லாஷியோ ராணுவ தலைமையகமே விழுந்துச்சு, அப்புறம் சீனா நெருக்க 2025 ஏப்ரல்ல ஊர திருப்பி ராணுவத்துக்கிட்டயே ஒப்படைச்சாங்க. நடுவுல லாஷியோ கடைக்காரன் எத்தனை கொடிக்கு கீழ கடை தொறந்து மூடியிருப்பான்! அவன யாரும் ஒரு வார்த்த கேக்கல. ஆசியான் 2021 ஏப்ரல்ல போட்ட அஞ்சு அம்ச உடன்பாடு இருக்கே, அதப்பத்தி கேக்குறவங்களுக்கு: காகிதத்துல இருக்கு.

நிலநடுக்கம் வந்தப்ப உதவி ஏன் அவ்ளோ லேட்டா போச்சு? எல்லா நாடும் ஃப்ளைட் அனுப்புச்சே?

அனுப்புனாங்க. இந்தியா ஆபரேஷன் பிரம்மான்னு விமானத்துலயும் கப்பல்லயும் சாமான் அனுப்பி, மாண்டலேல ராணுவ டாக்டருங்கள வெச்சு கூடார ஆஸ்பத்திரி போட்டுச்சு, அது நிஜமாவே உதவுச்சு. பிரச்சன ஏர்போர்ட்டுக்கு அப்புறம்.

மத்தியானம் 12.50க்கு 7.7 அளவுல ஆடுச்சு, சகாயிங் பிளவுன்னு சொல்ற பூமிப் பிளவு மேலயே. சகாயிங்குக்கு போற பழைய ஆவா பாலம், 1934ல கட்டுனது, ஐராவதி ஆத்துல விழுந்துடுச்சு. ரங்கோன்–மாண்டலே எக்ஸ்பிரஸ் ரோடு பாலத்துக்கிட்ட எல்லாம் வெடிச்சு நின்னுச்சு. சகாயிங் பகுதி ஏற்கனவே சண்டை நடக்குற இடம், ஒரு ஊர் ராணுவத்து கைல, அடுத்த ஊர் எதிர்ப்படை கைல. ஏப்ரல் 1 ராத்திரி சீன செஞ்சிலுவை லாரி 9 போயிட்டிருக்கும்போது ராணுவமே சுட்டுச்சு, முன்கூட்டி சொல்லலன்னு காரணம் சொன்னாங்க. அதுக்கு மறுநாள்தான் தற்காலிக போர்நிறுத்தம்னு அறிவிச்சாங்க, அதுக்கப்புறமும் விமான குண்டு நிக்கல. அரசு கணக்குல செத்தவங்க 3,700க்கு மேல. அன்னைக்கு ரம்ஜான் மாசத்து கடைசி வெள்ளிக்கிழம, ஜும்மா தொழுகை நேரம், மசூதிங்க இடிஞ்சு நூத்துக்கணக்கான பேரு உள்ளயே போயிட்டாங்க. பழைய மசூதிய ரிப்பேர் பண்ண பர்மிஷன் கெடைக்காம வருஷக்கணக்கா இழுத்தடிச்ச கட்டடம் அதுல நிறைய.

எங்க வண்டி எப்படி போச்சுன்னு சொன்னா உங்களுக்கு புரியும். ரங்கோன்ல ஏத்துனது அரிசி மூட்டை, தார்ப்பாய், கொசுவலை, ஓஆர்எஸ் பாக்கெட், சோலார் லைட்டு, தண்ணி சுத்தம் பண்ற மாத்திரை. எக்ஸ்பிரஸ் ரோடு ஆகாதுன்னு பெகு, தவுங்கூ, மெய்த்திலா வழியா பழைய ரோட்டுல போனோம். ஒவ்வொரு கேட்டுலயும், அதாவது சோதனைச் சாவடில, வண்டிய ஓரங்கட்டணும், ஏறியிருக்கிற எல்லாரோட என்னார்சி கார்டு (இங்க அதுதான் அடையாள அட்டை), டவுன்ஷிப் ஆபீஸ் லெட்டர், சாமான் லிஸ்ட், காசு குடுத்தது யாருன்னு கேள்வி. அரிசிக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மருந்துதான் தகராறு: கட்டுத்துணி, ஆன்டிபயாடிக், வலி ஊசி பாத்தாலே "இது காட்டுக்கு போற சாமான்"னு, அதாவது கிளர்ச்சிப் படைக்குன்னு, எறக்கி வெச்சிடுவாங்க. ஒரு கேட்டுல எங்க கட்டுத்துணி பொட்டி பூராத்தையும் எடுத்துக்கிட்டு ஓஆர்எஸ்ஸ மட்டும் விட்டாங்க. அந்தப் பக்கம் போனா அடுத்த குரூப்போட கேட்டு, திரும்ப முதல்ல இருந்து. மொதல்ல போய் சேந்ததெல்லாம் பெரிய கம்பெனி லோகோ போட்ட வண்டி இல்ல, மோட்டார் பைக்ல பின்னாடி மூட்ட கட்டிட்டு போன உள்ளூர் பசங்க.

2008 நர்கீஸ்லயும் இதே. அப்ப 1 லட்சத்து 38 ஆயிரம் பேரு செத்தோ காணாமயோ போனாங்க, பிரெஞ்சு கப்பல் சாமானோட கடல்ல காத்துக்கிட்டு நின்னுச்சு, உள்ள விடல. அந்த வாரங்கள்ல தன்னால கெளம்புன பசங்கதான் இன்னைக்கு இருக்கிற பரஹித குழுங்க பலதுக்கு முன்னோடி.

நான் காசு அனுப்பணும். யாருக்கு அனுப்புறது, எப்படி நம்புறது?

பேரு சொல்ல மாட்டேன். எப்படி பாக்கணும்னு சொல்றேன்.

முதல்ல பணக்கணக்கு. 2021 ஜனவரில டாலர் 1,330 கியாட் கிட்ட, அரசு 2022ல 2,100னு நிறுத்தி வெச்சிருக்கு, வெளிய அது 2024லயே 4,000த்த தாண்டுச்சு. அரசு ரேட்டுல மாத்துனா நீங்க அனுப்புன காசுல பாதி வழியிலயே போச்சு. எந்த வழில அனுப்புறதுங்கிறது உங்க நாட்டு சட்டத்த பாத்து முடிவு பண்ணுங்க, அத நான் இங்க எழுதல. ஆனா குழுக்கிட்ட "என்ன ரேட்டுல மாத்துனீங்க"ன்னு கேளுங்க, ஒழுங்கான ஆளு உடனே சொல்லுவான்.

ரெண்டாவது, லிஸ்ட் யார் போட்டதுன்னு கேளுங்க. இங்க ஒரு ஊருக்கு போனா மொதல்ல போற இடம் புத்த மடம், இல்லன்னா சர்ச், மசூதி, நம்ம கோயில். சயாடோ, அதாவது மடத்து பெரிய பிக்கு கிட்ட ஒரு ஸ்கூல் நோட்டு இருக்கும், வீட்டுக்காரர் பேரு, எத்தன உருப்படி, கைக்கொழந்த இருக்கா, வயசானவங்க இருக்காங்களான்னு பென்சில்ல எழுதி, வந்து தங்குனவங்கள ஒரு பக்கம், போனவங்கள அடிச்சு வெச்சிருப்பாரு. அந்த நோட்டு மாதிரி நிஜமான புள்ளிவிவரம் நான் எந்த ஆபீஸ்லயும் பாக்கல. ஆனா அதுலயும் ஓட்ட இருக்கு, மடத்து நோட்டுல முஸ்லிம் தெரு விட்டுப் போகும், கோயில் நோட்டுல வாடகைக்கு வந்த கூலிக்காரங்க விட்டுப் போவாங்க. நல்ல குழு ரெண்டு மூணு நோட்ட வாங்கி ஒண்ணா வெச்சு பாப்பாங்க. அத பண்றாங்களான்னு கேளுங்க.

மூணாவது, "ஏன் போட்டோ அனுப்பல"ன்னு சண்ட போடாதீங்க. 2022 அக்டோபர்ல வந்த சங்க சட்டப்படி பதிவு இல்லாம குழு நடத்துனா அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயிலு. சந்தேகம்னு வந்தா பேங்க், மொபைல் பணம் ரெண்டு அக்கவுண்டயும் மூடிடுவாங்க. வாங்குறவங்க முகம், ஊர் பலகை எல்லாம் ஃபேஸ்புக்ல போட்டு பெரும பேசுற குழுவ விட, பில்ல காட்டி முகத்த மறைக்கிற குழு மேல்.

பழைய துணி, பாத்திரம் அனுப்பலாமா?

வேணாம். சத்தியமா வேணாம். கார்கோ காசுல இங்க அரிசி வாங்கிடலாம்.

அமெரிக்கா உதவிய நிறுத்திட்டாங்கன்னு சொல்றாங்களே, அது உங்கள பாதிச்சுதா?

பெரிய அடி. 2025 ஜனவரில நிறுத்துனாங்க, ஐநா உணவுத் திட்டம் ஏப்ரல்ல இருந்து 10 லட்சத்துக்கு மேல ஆளுங்களுக்கு ரேஷன் கிடையாதுன்னு சொல்லிடுச்சு, தாய்லாந்து எல்லை முகாம் ஆஸ்பத்திரிங்க ஒரே வாரத்துல மூடுச்சு. அங்க 9 முகாம், சுமார் 1 லட்சம் பேரு, சிலரு 1980கள்ல இருந்து இருக்காங்க, அங்கயே பொறந்து அங்கயே கல்யாணம் பண்ணவங்க. ஜூலையோட முக்காவாசி பேருக்கு சாப்பாட்டு காசும் நின்னுச்சு. அப்பதான் தாய்லாந்து அரசு ஆகஸ்ட்ல ஒரு முடிவு எடுத்துச்சு, முகாம் ஆளுங்க வெளிய போய் சட்டப்படி வேல பாக்கலாம்னு. நாப்பது வருஷமா கேட்டுட்டு இருந்த விஷயம், காசு தீந்ததும் நடந்துச்சு. கேட்டா கோபம் வருது, ஆனா நல்ல முடிவு, அரிசி மூட்டைய விட வேல பர்மிட்டு ரொம்ப நாள் நிக்கும்.

சண்ட நின்ன ஊருக்கு ஜனங்க ஏன் திரும்ப மாட்டேங்குறாங்க?

ரெண்டு காரணம், கண்ணிவெடி ஒண்ணு, நிலம் ஒண்ணு.

2023ல உலகத்துலயே கண்ணிவெடில அதிகம் பேரு அடிபட்டது இங்கதான், பதிவானது மட்டும் 1,003 பேரு. கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்துல இந்த நாடு கையெழுத்தே போடல, எல்லா பக்கமும் புதைக்கிறாங்க, வீட்டுலயே செஞ்ச வெடி வேற. மத்த நாட்டுல சண்ட முடிஞ்சதும் வெள்ளைக்காரன் மெஷின் கொண்டாந்து சுத்தம் பண்ணுவான், இங்க அதுக்கு பர்மிஷன் இல்ல. அதனால திரும்பி வந்தவங்க மொதல்ல ரோட்ட விட்டு எறங்க மாட்டாங்க. கெணத்தடி, வாழத்தோப்பு, காலி ஸ்கூல் கக்கூஸ், படை தங்குன மேடு, இந்த நாலு இடத்துக்கும் புள்ளைங்கள விடாதீங்கன்னுதான் வகுப்பு எடுக்கிறோம். பாதைல மூங்கில குறுக்கா கட்டியிருந்தா அப்படியே வந்த அடிச்சுவட்டுலயே திரும்பணும். விறகு பொறுக்க போற பொம்பளைங்களுக்கும் மாடு மேய்க்கிற பசங்களுக்கும்தான் ரொம்ப ஆபத்து, அவங்கதான் பாதைய விட்டு நடக்குறவங்க.

நிலம் இன்னும் மோசம், ஏன்னா அது சத்தம் இல்லாம வெடிக்கும். 2012ல காலி நிலம், தரிசு நிலம்னு ஒரு சட்டம், 2018ல திருத்தி, அந்த மாதிரி நிலத்துல இருக்கிறவங்க ஆறு மாசத்துல, அதாவது 2019 மார்ச்சுக்குள்ள, பர்மிட்டு கேக்கணும், இல்லன்னா அத்துமீறி நுழைஞ்ச குத்தம்னாங்க. முகாம்ல இருக்கிறவன் எப்படி போய் மனு குடுப்பான்? மலையில வருஷத்துக்கு ஒரு சரிவுல மாத்தி மாத்தி பயிர் வெக்கிற நிலம் எல்லாம் ஃபைல்ல காலி நிலம். இவன் திரும்பி வரும்போது அங்க கம்பெனிக்காரன் வாழைத் தோட்டம் போட்டிருக்கான். அவன்கிட்ட போய் சமாதானம் வந்துடுச்சு சந்தோஷமான்னு கேட்டா என்ன சொல்லுவான்?

எங்க தாத்தா நிலம் டெல்டால இருந்துச்சு, பத்திரம் இருக்கு. சமாதானம் வந்தா கெடைக்குமா?

கெடைக்காது மாமா. செட்டியாருங்க கைல கீழ் பர்மா நெல் நிலத்துல நாலுல ஒரு பங்கு இருந்த காலம் 1930கள். 1948லயே நிலத்த தேசியமயமாக்க சட்டம் வந்தாச்சு, மிச்சத்த 1962க்கு அப்புறம் ராணுவ ஆட்சி நடத்துன நே வின் கடை வரைக்கும் எடுத்தாரு, 3 லட்சம் பேரு கிட்ட கெளம்பிப் போனாங்க. பத்திரத்த பத்திரமா வெச்சுக்கோங்க, பேரப்புள்ளைங்க பாக்கட்டும்.

ரோஹிங்யா பிரச்சனைக்கும் நம்ம தமிழருக்கும் சம்பந்தம் இல்லைல்ல?

இருக்கு, நம்மாளுங்க பல பேருக்கு இது பிடிக்காது. 1982 குடியுரிமைச் சட்டப்படி 1823க்கு முன்னாடியே இருந்த இனம்னு அரசு சொல்றதுதான் முழு உரிமை இனம், 135 இனம்னு லிஸ்ட். அதுல ரோஹிங்யாவும் இல்ல, தமிழரும் இல்ல. ரோஹிங்யாக்கள 2017 ஆகஸ்ட்ல இருந்து 7 லட்சம் பேருக்கு மேல பங்களாதேஷுக்கு வெரட்டுனாங்க. நமக்கு மூணாந் தலமுறைன்னு நிரூபிச்சா கார்டு, இல்லன்னா இமிக்ரேஷன் ஆபீஸ்ல தாத்தாவோட பழைய வெளிநாட்டுக்காரர் பதிவு காகிதத்த கேட்டு அலைய விடுவாங்க. கெட்டது அவங்களுக்கு நடந்த அளவுக்கு நமக்கு நடக்கல, ஆனா ஓட்ட ஒரே சட்டத்துலதான் இருக்கு. அத தொடாம எந்த ஒப்பந்தம் போட்டாலும் அடுத்த சண்டைக்கு விதை மண்ணுக்குள்ளதான் கெடக்கும்.

நம்ம பசங்களையும் பட்டாளத்துக்கு புடிக்கிறாங்களா?

2024 பிப்ரவரி 10ல கட்டாய ராணுவ சட்டத்த அமலாக்குனாங்க, ஆம்பளைங்க 18ல இருந்து 35, டாக்டர் இஞ்சினியர்னா 45 வரைக்கும். தமிழன் பர்மியன்னு பாக்கிறதில்ல, வார்டு லிஸ்ட்ல பேரு இருந்தா போதும். அதனால கோயில்ல காவடி தூக்க பசங்க இல்ல, பாதி பேரு தாய்லாந்து, மலேசியா. அம்மாமாருங்க இதப்பத்தி போன்ல பேச மாட்டாங்க, நீங்களும் கேக்காதீங்க, நேர்ல பாக்கும்போது பேசிக்கலாம்.

தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேல, நல்ல சம்பளம்னு ஏஜென்ட் சொல்றான். தம்பிய அனுப்பலாமா?

அனுப்பாதீங்க. பாங்காக்ல எறக்கி, எல்லை ஊர் மேசோட் வரைக்கும் வண்டில கூட்டிட்டுப் போயி, ஆத்த தாண்டி பர்மாவுக்குள்ள மியாவடி பக்கம் விட்டுடுவான், அங்க ஆன்லைன் மோசடி கம்பெனிங்க, பாஸ்போர்ட்ட புடுங்கிட்டு கரண்ட் ஷாக் வெக்கிற இடம். 2022லயே தமிழ்நாட்டு பசங்கள மீட்டு கொண்டாந்தாங்க, 2025 மார்ச்ல இந்திய விமானப்படை 500 பேருக்கு மேல ஏத்திட்டுப் போச்சு. எந்த அரசு கையும் ஒழுங்கா எட்டாத எல்லைல துப்பாக்கி வெச்சிருக்கிறவன் வாடகைக்கு இடம் குடுத்தா இதுதான் தொழிலாகும், அபினும் அப்படித்தான், 2023ல ஆப்கானிஸ்தானையே தாண்டிட்டோம். நல்ல வேலைன்னா விசால வேலைன்னு எழுதியிருக்கும், டூரிஸ்ட் விசால கூட்டிட்டுப் போற எவனையும் நம்பாதீங்க.

பீலிக்கான் முனீஸ்வரர் திருவிழாவுக்கு வரலாமா?

ரங்கோன் வரைக்கும் வந்துடலாம், கோயில் தொறந்திருக்கு, மொய்ங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) கடையும் இருக்கு, கரண்ட்டுதான் எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாது. வெளியூர் ரோடு அந்த வாரம் எப்படி இருக்குன்னு இங்க இருக்கிற ஆளுக்கிட்ட கேட்டுட்டு டிக்கெட் போடுங்க. ராத்திரி பயணம் வேணாம். போன்ல அரசியல் படம், ஷேர் பண்ண போஸ்ட் எல்லாத்தையும் வரதுக்கு முன்னாடி அழிச்சிடுங்க, கேட்டுல போன வாங்கி பாப்பாங்க. டாலர் கொண்டாந்தா மடிப்பு, கறை, பேனாக் கிறுக்கல் எதுவும் இல்லாத புது நோட்டா பாத்து எடுத்துட்டு வாங்க, இல்லன்னா மாத்துற கடைல திருப்பிக் குடுத்துடுவான்.